திடக்கட்டிக்கு நானோ துகள்: குறி மண்ணீரலாக இருக்கட்டும்

புற்றுநோய்க் கட்டியின் இரத்தக் குழாய்கள் கசியும், மருந்தைச் சுமக்கும் நானோ துகள் அதன் வழியே உள்ளே போய்த் தங்கும் என்ற நம்பிக்கை 1986-ல் மட்சுமுராவும் மயேடாவும் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. டொராண்டோவில் வாரன் சான் குழு 2016-ல் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. செலுத்தியதில் கட்டியைச் சேர்ந்தது இடைநிலையாக 0.7 சதவீதம்தான். பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

கீமோ மருந்துக்கு இது நஷ்டம். உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் இம்யூனோதெரபிக்கு அப்படியில்லை. புற்றுநோயை அடையாளம் காண டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களைப் பழக்குவது டென்ட்ரிடிக் செல்கள்; அவை மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் நிறைய உண்டு. புற்றுநோயின் புரதத்தைச் செய்யச் சொல்லும் குறிப்பான எம்ஆர்என்ஏவை அங்கே கொண்டு சேர்த்தால் போதும்.

அதற்கு, இலக்கைத் தேடிப் பற்றும் ஆன்டிபாடி எதையும் துகளில் ஒட்ட வேண்டியதில்லை என்று மைன்ஸ் நகரில் உகுர் சாஹின் குழு 2016-ல் எலிகளில் காட்டியது. மின்னேற்றத்தை மாற்றினாலே இலக்கு மாறுகிறது. நேர்மின்னேற்றம் கொண்ட கொழுப்பான டாட்மா லிப்பிட் மிகுந்து துகள் நேர்மின்னாக இருந்தால் நுரையீரலுக்குப் போகிறது. டாட்மாவின் நேர்மின்னுக்கும் ஆர்என்ஏவின் எதிர்மின்னுக்கும் உள்ள விகிதம் 1.3:2 என்று சற்றே எதிர்மின்னாக வைத்தால் மண்ணீரலுக்கு. கணக்கு எளிது: 1 மில்லிகிராம் ஆர்என்ஏவில் எதிர்மின் கொண்ட பாஸ்பேட் சுமார் 3 மைக்ரோமோல், அதன் 0.65 மடங்கு (1.3÷2) என்றால் சுமார் 2 மைக்ரோமோல், அதாவது 1.3 மில்லிகிராம் டாட்மா. உடன் துணை லிப்பிடாக டோப் சேரும். ஆர்என்ஏ கரைசலில் முதலில் உப்பு, பிறகு இந்த லிப்பிட்களாலான நுண்கோளமான லிப்போசோம். விகிதம் 1:1-ஐ நெருங்கினால் துகள்களுக்கிடையே விலக்கம் குறைந்து திரண்டுவிடும்; ஒளிச்சிதறலால் துகளின் அளவை அறியும் டிஎல்எஸ் அளவீட்டில், அளவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் பிடிஐ ஏறுவதைப் பார்க்கலாம். துகள் 200 நானோமீட்டருக்கு மேல் இருந்தால் 0.22 மைக்ரான் வடிகட்டியில் சிக்கும். ஆகவே கலக்கும் முன்பே ஒவ்வொரு பாகமும் கிருமியற்று இருக்க வேண்டும்.

இந்தத் துறையில் அதிகம் ஏமாற்றுவது எண்டோடாக்சின், சில பாக்டீரியாக்களின் வெளியுறையில் இருக்கும் நச்சு. பாக்டீரியா செத்தாலும் அது மிஞ்சும். வடிகட்டியில் நிற்காது, அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலும் அழியாது. கண்ணாடிப் பாத்திரத்தை 250 டிகிரியில் 30 நிமிடம் உலர்வெப்பத்தில் வைக்க வேண்டும். துளி எண்டோடாக்சின் டென்ட்ரிடிக் செல்லைத் தூண்டிவிட்டால், துகளின் சாதனை என்றே அது பதிவாகும். லிப்பிட் அதை மறைப்பதால், எண்டோடாக்சினைக் கண்டறியும் எல்ஏஎல் சோதனை பொய்யாகச் சுத்தம் என்று சொல்லவும் கூடும். தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்துப் பாருங்கள். 50 முதல் 200 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைக்காவிட்டால் அந்த முடிவு செல்லாது, நீர்த்து மறுபடி செய்ய வேண்டும். ஆர்என்ஏ இல்லாத வெற்றுத் துகள் கட்டுப்பாடாக இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை.

மனிதரில் இதன் நம்பிக்கையூட்டும் சான்று கணையப் புற்றுநோயில் வந்தது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங்கில், அறுவை முடிந்த 16 பேருக்கு இவ்வகைத் துகளில் வரும் எம்ஆர்என்ஏ தடுப்பூசியான ஆட்டோஜீன் செவுமெரான், இம்யூனோதெரபி மருந்தான அட்டெசோலிசுமாப், கீமோ மூன்றும் தந்தார்கள். 8 பேரிடம் புதிய டி செல்கள் உருவாயின. 2023-ல் வெளியான இந்த ஆய்வு சிறியது, ஒப்பீட்டுக் குழு இல்லாதது. கணையத்தின் வால்பகுதியை வெட்டும்போது மண்ணீரலையும் பெரும்பாலும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். இலக்கு உறுப்பே இல்லாதவரையும் இருப்பவரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் மருந்தின் உண்மையான பலம் தெரியாது. இனி வரும் ஆய்வுகளின் அட்டவணையில் முதலில் தேட வேண்டியது, யாருக்கு மண்ணீரல் இருக்கிறது என்பதைத்தான்.