ஏழு எழுத்தைக் கொடுத்து ஆங்கிலச் சொல் தேடுவது எப்படி

"இந்த எழுத்துக்கள் வரும் ஆங்கிலச் சொற்கள் வேண்டும்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கொடுத்த எழுத்தெல்லாம் சொல்லுக்குள் எங்காவது இருந்தால் போதும் என்பது ஒன்று. கொடுத்த எழுத்துக்களை மட்டும் வைத்துச் சொல் அமைய வேண்டும் என்பது அதற்கு நேர் எதிர். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டம் ஆடுபவர் கேட்பது இதைத்தான். ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் மாற்றி அடுக்குவது அனகிராம். எழுத்துக்கள் அதே வரிசையில் ஒட்டி வரவேண்டும் என்பது நான்காவது. எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் நிரல் எழுத உட்கார்ந்தால் விடை தப்பாகத்தான் வரும்.

நான்காவதற்கு நிரலே வேண்டாம். சொற்பட்டியலை, அதாவது வரிக்கு ஒரு சொல் உள்ள கோப்பை, எந்த எடிட்டரில் திறந்தும் தேடலாம். இரண்டு யூ ஒட்டி வரும் சொல் என்றால் வேக்யூம், கன்டினுவம், ஹவாய்ப் பெண்களின் உடையான மூமூ எல்லாம் வந்து விழும்.

முதல் கேள்விக்கு கிரெப் போதும். கோப்பில் கேட்டது உள்ள வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும் கட்டளை அது. ஆனால் புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். க்யூவும் எக்ஸும் உள்ள சொல் வேண்டும் என்று இரண்டையும் சதுர அடைப்புக்குள் போட்டால், "இவற்றில் ஏதாவது ஒன்று" என்றுதான் கிரெப் புரிந்துகொள்ளும். குயீன், பாக்ஸ் என்று ஆயிரக்கணக்கில் கொட்டும். க்யூவைத் தேடி, அந்த விடையைக் குழாய்க் குறி (|) வழியே இன்னொரு கிரெப்புக்கு அனுப்பி எக்ஸைத் தேடுங்கள். ஈக்வினாக்ஸ், எக்ஸ்குவிசிட், குயிக்ஸாட்டிக் போன்றவை மட்டும் மிஞ்சும். ஒரே எழுத்து இரண்டு முறை வரவேண்டுமென்றால் அதை இரண்டு தடவை தேடிப் பயனில்லை. எழுத்து, நடுவில் எதுவும், மறுபடி அதே எழுத்து என்று வடிவம் கொடுக்க வேண்டும்.

அனகிராமுக்கு உள்ள வழி பழையது, இன்றும் அதுவே சிறந்தது. ஒவ்வொரு சொல்லின் எழுத்துக்களையும் அகர வரிசையில் அடுக்கி அதையே சாவியாக வைப்பது. லிசன் (listen) என்ற சொல்லை அடுக்கினால் இ, ஐ, எல், என், எஸ், டி. சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் நான்கிற்கும் அதே சாவி. பட்டியலை ஒருமுறை இப்படித் தயார் செய்துவிட்டால் பிறகு ஒரு பார்வையில் விடை கிடைக்கும். எழுத்துக்கு ஒரு பகா எண் கொடுத்துப் பெருக்கி, வரும் எண்ணையே சாவியாக்கும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். அழகானதுதான். ஆனால் 26-வது பகா எண் 101. அன்காப்பிரைட்டபிள் மாதிரி 15 எழுத்துச் சொல்லுக்கு அகர வரிசைப்படி எண் கொடுத்துப் பெருக்கினால் கணினி வழக்கமாக ஒரு முழு எண்ணுக்கு ஒதுக்கும் 64 பிட் எல்லை உடைந்துவிடும்.

இனி ஸ்கிராபிள் கேள்வி. கையில் ஏழு டைல் (எழுத்துக் கட்டை), எல்லாம் வேறு வேறு எழுத்து என்று வையுங்கள். இரண்டு எழுத்து முதல் ஏழு எழுத்து வரை அவற்றை அடுக்கும் விதங்கள் 13,692. அத்தனையையும் பட்டியலில் தேடுவது வீண் வேலை. அடுக்கிய சாவி இருந்தால் வரிசையைப் பற்றிக் கவலையில்லை, எந்தெந்த எழுத்து என்பது மட்டும்தான். 120 சாவிகளில் முடிந்துவிடும். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்று டைல் ஒன்று வந்தால் 26 முறை, இரண்டும் வந்தால் 351 முறை இதையே ஓட்ட வேண்டும்.

அதனால் வெற்று டைல் இருக்கும்போது பைத்தான் நிரல்மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை என்று எண்ணித் தரும் கவுண்ட்டர் வழிதான் எனக்குப் பிடிக்கும். சொல்லின் எழுத்து எண்ணிக்கையிலிருந்து கையில் உள்ளதைக் கழியுங்கள். மீதி எதுவும் இல்லையென்றால் சொல் அமையும். வெற்று டைல் இரண்டு இருந்தால் மீதி இரண்டுக்குள் இருந்தால் போதும். கழிக்கும் திசை மாறினால் கேள்வியே முதல் வகைக்கு மாறிவிடும், கவனம்.

வேகத்துக்காக 26 எழுத்தையும் 26 பிட்டாக்கி (எழுத்து இருந்தால் 1, இல்லையென்றால் 0) ஒப்பிடுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: பிட்டுக்கு எண்ணிக்கை தெரியாது. ஒரே ஒரு ஓ இருக்கும் கைக்கும் மூன் என்ற சொல்லைச் சரி என்று சொல்லிவிடும். ஸ்கிராபிளில் இது பிழை. நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ ஆட்டத்தில் இதுவே தேவை. அங்கே ஏழு எழுத்தில் எதையும் எத்தனை முறையும் போடலாம், நடு எழுத்து மட்டும் கட்டாயம், குறைந்தது நான்கு எழுத்து.

இதே நிரலைத் தமிழுக்குத் திருப்பப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அம்மா மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு. அப்படியே அடுக்கினால் புள்ளியும் காலும் தனியே பிய்ந்து ஓடும். முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

நிரல் சரியாக இருந்தும் விடை வராவிட்டால் பட்டியலைப் பாருங்கள். விண்டோஸில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக ஒட்டியிருக்கும். அதனால் நீளம் ஒன்று அதிகமாகும், "இதில் முடியும் சொல்" என்ற தேடல் எதையுமே காட்டாது. லினக்ஸ் பட்டியல்களில் ஊர்ப் பெயர், ஆள் பெயர், மேற்குறி போட்ட சொல் எல்லாம் கலந்திருக்கும். பெரிய எழுத்தில் தொடங்குபவற்றை முதலில் நீக்கிவிட்டு, பிறகுதான் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்க வேண்டும். மேக்கில் இருப்பது 1934-ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியிலிருந்து வந்தது. 2,30,000 சொற்களுக்கு மேல் உண்டு, ஆனால் சாதாரணப் பன்மைகள் பெரும்பாலும் கிடையாது. சொல் விளையாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் எனேபிள் பட்டியல் மேல்.

சோதித்துப் பார்க்க லிசன் என்ற சொல்லின் ஆறு எழுத்தைக் கொடுங்கள். சைலன்ட், என்லிஸ்ட், டின்சல் வந்து இன்லெட்ஸ் மட்டும் காணவில்லை என்றால் நிரலைத் தொடாதீர்கள், பட்டியலை மாற்றுங்கள்.