டவர் பதிவும் இரண்டு தீர்ப்புகளும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சட்டம் முடித்துவிட்டு அயர்லாந்துக்கோ ஜெர்மனிக்கோ மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களில் சிலர் 'அமெரிக்கா, ஐரோப்பா: தேசப் பாதுகாப்பும் குடிமை உரிமைகளும்' என்று கடலளவு தலைப்பை எடுத்துக்கொண்டு திணறுகிறார்கள். தொடங்குவதற்கு இரண்டு தீர்ப்புகள் போதும். இரண்டும் போன் பதிவுகள் பற்றியவை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கார்ப்பென்டர் வழக்கு (2018). வாரண்ட் இல்லாமல் ஒருவருடைய 127 நாள் டவர் பதிவுகளை, அதாவது அவருடைய போன் எப்போது எந்த டவரோடு இணைந்தது என்ற விவரங்களை, போன் கம்பெனிகளிடமிருந்து புலனாய்வாளர்கள் வாங்கினார்கள், 12,898 இடக்குறிப்புகள். வாரண்ட் வேண்டும் என்று 5-4 கணக்கில் தீர்ப்பு வந்தது. இதற்கு முன் 1979-ஆம் ஆண்டின் ஸ்மித் வழக்கைப் படித்துவிடுங்கள். டயல் செய்த எண்ணை போன் கம்பெனியிடம் நீங்களே கொடுத்துவிட்டீர்கள், பிறகென்ன அந்தரங்கம் என்றது அது. கார்ப்பென்டர் அதை ரத்து செய்யவில்லை, டவர் பதிவுகளுக்கும் நீட்டிக்க மறுத்தது. பலர் சறுக்குவது இங்கேதான். டவர் பதிவு துல்லியமில்லை என்றும் அரசு வாதாடியது. களியக்காவிளையில் நிற்பவரின் போன் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் பாறசாலை டவரைப் பிடிக்கலாம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் தொழில்நுட்பம் கூர்மையாகிக்கொண்டே போகிறது என்று நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மாறுபட்ட நால்வரும் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள், அவற்றையும் விடாதீர்கள்.

இன்னொன்று, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் டிஜிட்டல் ரைட்ஸ் அயர்லாந்து (ஏப்ரல் 8, 2014). எல்லாருடைய தொடர்புப் பதிவுகளையும் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சேமிக்கச் சொன்ன ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு உத்தரவை (directive) அது முழுதாகச் செல்லாததாக்கியது. இங்கே மாறுபட்ட தீர்ப்பு வெளியிடும் வழக்கமே கிடையாது. எதிர்வாதம் தெரிய அட்வகேட் ஜெனரலின் கருத்துரையைத் தேட வேண்டும்; நம்மூர் போல அரசு வழக்கறிஞர் அல்ல, தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்குச் சுதந்திரமாகக் கருத்துச் சொல்பவர் அவர். இதில் அவர், திருத்த அவகாசம் கொடுத்து ரத்தைத் தள்ளிவைக்கச் சொன்னார். நீதிமன்றம் அப்படிச் செய்யவில்லை.

லக்சம்பர்க்கையும் ஸ்ட்ராஸ்பர்க்கையும் குழப்பினால் கட்டுரை அங்கேயே போச்சு. முன்னது ஐரோப்பிய ஒன்றியத்துடையது, பின்னது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன் இன்றும் ஸ்ட்ராஸ்பர்க்குக்குக் கட்டுப்பட்டதுதான். 2014-உடன் நிறுத்துவதும் ஆபத்து. தேசப் பாதுகாப்புக்குக் கடும் அச்சுறுத்தல் இருந்தால் குறுகிய காலத்துக்கு எல்லாருடைய பதிவையும் சேமிக்கலாம் என்று 2020-இல் அதே நீதிமன்றம் இடம் கொடுத்தது. 'அரசுக் கண்காணிப்பில் ஐரோப்பா கண்டிப்பு, அமெரிக்கா தாராளம்' என்ற ஒற்றை வரி அதோடு உடைந்துவிடும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற நம் உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பைப் படித்தவர்கள் லக்சம்பர்க்கிலிருந்து தொடங்குவது நல்லது; எடுத்த நடவடிக்கை நோக்கத்துக்குப் பொருத்தமான அளவா என்ற அந்தச் சோதனை அவர்களுக்குப் பழக்கம். அமெரிக்கத் தீர்ப்புகளுக்குத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும்.