தம்பி காருக்கு 38 கிலோ இரும்பு

போன சீசன் முடிந்த கையோடு ஒரு மாதம் முழுக்க எங்கள் பட்டறையில் தம்பி ரேஸில் ஓட்டும் அந்தப் பழைய மாருதி எஸ்டீமிலிருந்து எடையைக் கழற்றிக்கொண்டே இருந்தோம். பின் சீட்டு, ஏசி, கதவு அட்டை, தரையோடு ஒட்டியிருந்த தார் ஷீட்டு எல்லாம் போயிற்று. தார் ஷீட்டைச் சுரண்டியே என் தோள்பட்டை கழன்றுவிட்டது. இப்போது அதே காருக்குள் நாங்களே 38 கிலோ இரும்பைப் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறோம். லேத் வேலைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "கொறச்சத எதுக்கும்மா திரும்ப ஏத்தறீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ரேஸ் பிரிவில் காரும் ஓட்டுகிறவரும் சேர்ந்து 880 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்த விதி மட்டும் இல்லையென்றால் பணம் இருக்கிறவர் கண்ணாடியைக்கூட மாற்றிப் பிளாஸ்டிக் போடுவார், நாங்கள் சேலம் குகைப் பகுதியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எங்கள் வண்டி, தம்பி ஹெல்மெட்டோடு உட்கார்ந்த நிலையில், பெட்ரோல் டேங்க் வற்றிய நிலையில் 844 கிலோ. 36 கிலோ குறைவு.

அதில் 6 கிலோ தம்பியுடையது. உடம்பில் தெம்பு ஏறட்டும் என்று தினம் விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டு மலைப்பாதையில் ஓடினான். முதலில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரை, அப்புறம் ஏழாவது வரை. நல்லதுதான். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டான், அம்மா என்னிடம் வந்து அழுதார். ஃபார்முலா ஒன்னில் இதே கவலைக்காகத்தான் 2019இல் ஓட்டுநருக்கென்று தனியாக 80 கிலோ கணக்கு வைத்தார்கள், 2025இல் அதை 82 ஆக்கினார்கள். குறைந்தால் அந்த எடையை அவர் சீட்டை ஒட்டியே வைக்க வேண்டும், வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. உயரமான பையன்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. எங்கள் பிரிவில் அப்படித் தனிக் கணக்கு கிடையாது. இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, எடையைக் குறைத்துத் திரும்ப ஏற்றுவதில் என்ன லாபம்? ஏசி கம்ப்ரஸரும் கண்டென்சரும் மூக்கில் இருந்தன. இது முன் சக்கரம் இழுக்கும் வண்டி, ஏற்கெனவே மூக்குப் பாரம். கழற்றிய எடை கம்பெனி வைத்த இடத்தில் இருந்தது. ஏற்றும் எடை நாம் வைக்கும் இடத்தில் இருக்கும்: தரையோடு தரையாக, ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் பின்னால். இந்த ஒன்றுக்காகத்தான் அந்த ஒரு மாதப் பாடு.

எங்கே வைப்பது என்று பார்க்க நான்கு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட வேண்டும். அதற்கென்று விற்கும் தராசு எங்கள் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. லீ பஜார் மண்டியிலிருந்து 300 கிலோ மேடைத் தராசு நான்கை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கினோம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபால் மட்டம் பார்த்து, தாழ்ந்த தராசுக்கு அடியில் டைல்ஸ் கொடுத்தோம். ஜாக்கியிலிருந்து இறக்கும்போது சக்கரம் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும், எண் பொய் சொல்லும். அதனால் ஒவ்வொரு டயருக்கும் கீழே இரண்டு தகடு, நடுவில் கிரீஸ். வண்டியை நான்கு தரம் அழுத்தி விட்டதும் சக்கரம் தானே வழுக்கித் தன் இடத்துக்கு வந்தது. முன் இடது 262, முன் வலது 282, பின் இடது 140, பின் வலது 160. வலப்பக்கம் 40 கிலோ அதிகம். பின் இடது மூலையில் வெறும் 140 என்று பார்த்ததும், இடப்பக்க வளைவில் பிரேக் போடும்போதெல்லாம் பின்பக்கம் ஏன் அப்படித் துள்ளியது என்று தம்பிக்கே புரிந்துவிட்டது.

ஈயம் வைக்கலாம் என்றான். ஒரு லிட்டர் ஈயம் 11.3 கிலோ, இரும்பு 7.85 தான். இன்னும் சின்ன இடத்தில் அடங்கும். பழைய பேட்டரி ஈயத்தை வீட்டோடு ஒட்டிய பட்டறையில் உருக்க நான் விடவில்லை, அக்காவின் குழந்தைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். தவிர ஈயம் மெத்தென்றிருக்கும், போல்ட்டின் இறுக்கம் நாளாக ஆகத் தளரும். 10 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பிளேட்டில் 40க்கு 30 சென்டிமீட்டர் வெட்டினால் ஒன்று 9.4 கிலோ. நான்கு வெட்டினோம்.

முதல் தடவை நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். தரைத் தகட்டில் நேராக ஓட்டை போட்டு, சாதாரண வாஷர் வைத்து முடுக்கிவிட்டேன். கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே ரேஸ் தளத்தில் பயிற்சி ஓட்டம் முடிந்து சோதனைக்கு நின்றபோது அதிகாரி கையை உள்ளே விட்டுப் பிளேட்டை ஆட்டினார். ஆடியது. டார்ச் அடித்துக் காட்டினார்: ஓட்டையைச் சுற்றித் தகட்டில் முடி மாதிரி ஒரு கீறல். அன்றைய தகுதிச் சுற்று போயிற்று. அவர் செய்தது சரி. 8.8 என்ற பலத் தரத்தில் வரும் 10 மில்லி போல்ட் ஒன்று அறுபட நாலரை டன்னுக்கு மேல் இழுவை வேண்டும். போல்ட் எங்கும் போகாது, காகிதம் போன்ற தகடுதான் கிழியும். சுவரில் மோதி ஈர்ப்பு விசையைப் போல் 20 மடங்கு அதிர்வு வந்தால் இந்த 38 கிலோ முக்கால் டன்னாக முன்னால் பாயும். அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் என் தம்பி. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சேலம் திரும்பியதும் பிளேட்டுகளை ஓரத்தில் வெல்ட் வைத்து ஒரே கட்டியாக்கினேன். வண்டிக்கு அடியில் 3 மில்லி எதிர்த் தகடு, நடுவில் வண்டியின் தரை, மேலே கட்டி. நான்கு மூலைக்கும் 10 மில்லி போல்ட், அதிர்வில் கழலாத நைலாக் நட்டு. ஸ்பேனர் இல்லாமல் அசையாது, அதிகாரிகள் சீல் கம்பி கோக்க போல்ட் தலையில் ஓட்டையும் உண்டு. மறுபடி தராசு: 272, 284, 161, 165. மொத்தம் 882. இடம் வலம் வித்தியாசம் 40லிருந்து 16க்கு வந்துவிட்டது.

அடுத்த ரேஸ் முடிந்து தராசில் ஏற்றியபோது நான் தராசுப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டயர் தேய்ந்திருக்கும், தம்பி வியர்த்து ஒரு கிலோ இறங்கியிருப்பான். 881 என்று நின்றது.

இந்த வாரம் கட்டியின் மேல் பிளேட்டை வெல்டைக் கிரைண்டரால் அறுத்துப் பிரித்து, இரண்டு பாதியாக வெட்டிவிட்டேன். பாதி 4.7 கிலோ. இனி அது தனிப் போல்ட்டில் நிற்கும். தம்பி 5 கிலோ ஏறினால் அந்தப் பாதியைக் கழற்றிவிடுகிறேன் என்று அவனிடம் சொன்னேன், அம்மா பக்கத்தில் இருந்தார். நேற்று ராத்திரி ஐந்து தோசை சாப்பிட்டான்.