கானல்வரியில் யார் பக்கம்?

விடுமுறைக்குக் காரைக்குடி வீட்டுக்கு வந்திருக்கும் என் மகளுக்கு, நேற்று மாலை வளவுத் திண்ணையில் அமர்ந்து சிலப்பதிகாரத்தின் கானல்வரியைப் படித்துக் காட்டினேன். கடற்கரையில் கோவலன் யாழ் மீட்டிப் பாடுகிறான். அவன் மனத்தில் வேறொருத்தி இருப்பதாக எண்ணிய மாதவி, யாழை வாங்கித் தானும் வேறொருவனை நினைப்பவள்போல் பாட, அதை மெய்யென நம்பிய கோவலன் எழுந்து போய்விடுகிறான். நிகழ்ச்சி இவ்வளவுதான். ஆனால் இதைக் கதைப்பின்னலாக்குவது, ஒன்றன் காரணமாகவே மற்றொன்று நிகழும் அந்தப் பிணைப்பு. இங்கே முரண் வெளிப்பகையால் எழவில்லை. இருவரும் ஒரே யாழைத் தொட்டுப் பாடினாலும், கேட்ட செவிகள் வெவ்வேறு. இருவர் மனமும் தெரிந்தது நமக்கு மட்டுமே. பள்ளிக் குறிப்பேடுகள் இந்த இடத்தை "ஊழ்" என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுவதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

"அப்படியென்றால் தவறு யார்மேல் அப்பா?" என்றாள் மகள். நான் வாய் திறப்பதற்குள், முறத்தில் மோர்மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்த அப்பத்தா தலை நிமிராமலே கேட்டார்: "அந்த நேரத்துல கண்ணகி எங்கடி இருந்தா?"

நகரத்தாரின் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் என்று வழிவழியாகச் சொல்லக் கேட்டவர் என்பதாலோ என்னவோ, அப்பத்தாவுக்குக் கண்ணகி உறவுக்காரப் பெண்தான். மகள் புத்தகத்தை வாங்கி, கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்லும் ஒன்பதாம் காதையைத் தேடத் தொடங்கினாள்.