ஊசி ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம்

முதுகுல ஊசி போட்டா மருந்து குத்துன எடத்துலயேதான் நிக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். ஆறு வருஷம் கடலூர்லேர்ந்து பாண்டிக்கு பைக்லயே வேலைக்கு போயி குறுக்கு போச்சு, ரெண்டு மாசமா வலது கெண்டைக்கால் வரைக்கும் சுண்டி இழுக்கவும் பாண்டில ஒரு ஆஸ்பத்திரில எபிடியூரல்ங்கற முதுகுத்தண்டு ஊசி போட்டுக்கலாம்னாங்க, வால் எலும்புக்கு மேல இருக்குற சின்ன ஓட்டை வழியா.

குப்புற படுக்க வெச்சு மரத்துப்போக ஊசி போட்டு, சி-ஆர்ம் எக்ஸ்ரே பாத்துக்கிட்டே மொதல்ல எக்ஸ்ரேல தெரியற டை விட்டாங்க. தலைய திருப்பி ஸ்க்ரீன பாத்தா கறுப்பா ஒண்ணு மேல ஏறுது, ஆனா முக்காவாசி இடது பக்கமே. "சார் எனக்கு வலி வலதுல"ன்னேன். "வழி எங்க இருக்கோ அங்கதாம்பா போவும்"னாரு.

அப்புறம் படிச்சப்பதான் புரிஞ்சுது. மருந்து போற எடம், தண்டுவட உறைக்கு வெளிய கொழுப்பும் ரத்தக்குழாயும் இருக்குற இடுக்கு. கெடிலத்துல வெள்ளம் வந்தா எந்த தெரு பள்ளமோ அதுல புகுந்துக்கும்ல, அதே கதைதான், வீக்கமோ பழைய ஆபரேஷன் தழும்போ அடைச்சிருந்தா மருந்து சுத்திக்கிட்டு போயிடும். கீழேர்ந்து ஏறணும்னுதான் இதுக்கு 10, 20 மில்லி வரைக்கும் விடறாங்க. நடுமுதுகுல எலும்பு இடுக்கு வழியா போட்டா பெரும்பாலும் பின்பக்கமே பரவும், டிஸ்க் அழுத்தறதோ முன்பக்கம். நரம்பு வெளிய வர்ற பக்கத்து ஓட்டைல போட்டா 1லேர்ந்து 3 மில்லியே போதும், ஆனா அங்க ரத்தக்குழாய் உண்டு, டை விட்டதும் சட்டுனு காணாம போச்சுன்னா குழாய்க்குள்ள போகுதுன்னு அர்த்தம், ஊசிய மாத்தியாகணும்.

1901லயே பாரிஸ்ல சிகார், கத்தலேன்னு ரெண்டு டாக்டருங்க இதே கீழ் ஓட்டைல மரத்துப்போக வைக்கிற கொக்கைன் விட்டிருக்காங்க. பாண்டிக்காரங்க வேணா பெருமைப்பட்டுக்கலாம்.

எனக்கு என்னாச்சுன்னா கால் இழுப்பு அஞ்சு வாரம் கொறஞ்சுது, குறுக்கு வலி அப்படியேதான். ஊசில இருக்குற ஸ்டீராய்டுல சுகர் ஏறும்னு ஒருத்தரும் சொல்லல, நாலு நாள் 260 காட்டுச்சு, அதுதான் இன்னும் கடுப்பு. வெறும் குறுக்கு வலிக்கு முதுகெலும்பு ஊசியே வேணாம்னு எந்த சிகிச்சை செய்யலாம்னு வழிகாட்டுற இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு 2016லயே சொல்லிடுச்சாம், புதுசா வந்த கடுமையான கால் வலிக்கு மட்டும் யோசிக்கலாமாம். 2025ல பிஎம்ஜேங்கற மருத்துவ இதழ்ல வந்த வழிகாட்டி, நாள்பட்ட வலின்னா கால் வரைக்கும் இழுத்தாலும் வேணாம்ங்குது. டை அழகா பரவுறதும் வலி போறதும் வேற வேறன்னு பணம் கட்டின அப்புறம்தான் தெரியுது.

இப்ப பஸ்தான். கடைசி சீட்ல மட்டும் உக்கார்றதில்ல.