எட்டு வயதுக்கு லத்தீன்: பாடநூல் தேர்வு நாட்குறிப்பு

ஜூன் 2, நாகர்கோவில்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. வீட்டிலேயே படிக்கிற பிள்ளைக்கும் புதுப் பாடம் தொடங்க இந்த வாரம்தான் தோது. பிள்ளைக்கு எட்டு வயது. தமிழ் சரளமாக வாசிக்கும், இங்கிலீஷ் ஓரளவு. சொல்லிக்கொடுக்கப் போகிறவர் அம்மா. அவருக்கும் லத்தீன் புதுசு. எந்தப் புத்தகம் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. இந்த வீட்டுக்கு எது தோதுப்படும் என்றுதான் பார்க்கவேண்டும்.

முதல் சோதனை இங்கிலீஷ் வாசிப்பு. இன்னும் எழுத்துக்கூட்டுகிற நிலை என்றால் லத்தீன் புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். இங்கிலீஷில் ஒரே உயிரெழுத்து நாலு விதமாக ஒலிக்கும். லத்தீனில் அதே எழுத்துக்குக் குறில், நெடில் என்று இரண்டே ஒலி. இரண்டு விதியையும் ஒரே சமயத்தில் பழகும் பிள்ளை இரண்டிலும் தடுமாறும். அதுவரை ஜெபம், பாட்டு, எண்கள் என்று வாய்ப்பாடமாகச் சொல்லித்தரத் தடையில்லை.

ஜூன் 4

உச்சரிப்பு முடிவாகாமல் புத்தகத்துக்குக் காசு கட்டக்கூடாது. திருச்சபை உச்சரிப்பு, பழைய ரோமர் உச்சரிப்பு என இரண்டு வழக்கு உண்டு. வானத்துக்கு ரோமர் முறையில் கைலும், திருச்சபை முறையில் ச்சேலும். அரசி அங்கே ரேகீன, இங்கே ரெஜீனா. ஆட்டுக்குட்டி அங்கே அக்னுஸ், இங்கே அஞ்ஞுஸ். மலையாளம் காதில் விழுந்தே வளர்கிற நம்ம ஊர்ப் பிள்ளைக்கு அந்த ஞ்ஞ ஒரு பொருட்டே இல்லை.

கோட்டாறு மறைமாவட்டம் அமைந்தது 1930-இல். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) தாய்மொழிக்கு வழி திறக்கும்வரை இங்கும் பூசை லத்தீனில்தான். அந்தக் காலப் பாடகர் குழுவில் பாடிய பெரியவர் யாராவது குடும்பத்திலோ பங்கிலோ இருந்தால் திருச்சபை உச்சரிப்பையே எடுத்துக்கொள்வது நல்லது. சாங்த்துஸ், அஞ்ஞுஸ் தேயி, தாந்தும் எர்கோ என்ற கோயில் பாட்டெல்லாம் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அர்த்தம் தெரியாவிட்டாலும் தப்பான ஒலி காதில் உறுத்தும். திருத்த ஒரு காது வீட்டிலேயே கிடைப்பது பெரிய விஷயம். (கீரியே எலேய்சோனை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். பூசையில் வந்தாலும் அது கிரேக்கம்.) கோயில் தொடர்பு இல்லாத வீடு என்றால் ரோமர் உச்சரிப்பு. எதுவானாலும் ஒன்றுதான். பாட்டு ஒரு முறையிலும் பாடம் ஒரு முறையிலும் நடந்தால், இரண்டு மாதத்தில் பிள்ளை சொல்லுக்குச் சொல் ஊகிக்க ஆரம்பித்துவிடும்.

ஜூன் 5

சின்ன விஷயம், ஆனால் முதல் வாரமே திருத்தவேண்டியது. ‘நேசிக்கிறான்’ என்பது அமத். இங்கிலீஷ் பழகிய நாக்கு ‘அமட்’ என்கிறது. நாக்கு நுனி பல்லைத் தொடவேண்டும், அவ்வளவுதான்.

லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கவைப்பதும் வேண்டாம். பெரியவர்கள் குறிப்புக்கு எழுதிக்கொள்ளலாம். பிள்ளையின் நோட்டில் ‘பொனுஸ்’ என்று எழுதினால் முதல் எழுத்து எந்தப் ப என்று ஒரு மாதம் கழித்து யாராலும் சொல்லமுடியாது.

ஜூன் 8

கையில் எடுத்துப் பார்க்கவேண்டிய புத்தகங்கள்.

ஸாங் ஸ்கூல் லத்தீன்: பாட்டும் படமும். ஏழு வயதுக்குக் கீழே என்றால் சரி. சொற்கள் சேரும், இலக்கணம் கிட்டத்தட்ட இல்லை. எட்டு வயதில் இதில் ஒரு வருடம் போவது வீண்.

ப்ரீமா லத்தீனா: திருச்சபை உச்சரிப்பு, 25 பாடங்கள், ஐந்து பாடத்துக்கு ஒருமுறை மீள்பார்வை. பாடத்துக்கு ஐந்து புதுச் சொல், கூடவே ஜெப வரிகள். அம்மாவுக்கு லத்தீன் தெரியாவிட்டாலும் ஓட்டிவிடலாம். இரண்டு குறை. பெயர்ச்சொல் என்றால் என்ன, வினைச்சொல் என்றால் என்ன என்று இங்கிலீஷ் இலக்கணத்துக்கே நிறைய இடம் போகிறது. மொழிபெயர்க்க வாக்கியங்கள் குறைவு. சொல் தெரிந்த பிள்ளை வாக்கியம் தெரியாமல் நிற்கும்.

கெட்டிங் ஸ்டார்ட்டட் வித் லத்தீன்: 134 குட்டிப் பாடங்கள். பாடத்துக்கு ஒரு புதுச் சொல் அல்லது ஒரு புது விதி. உடனே அதை வைத்து வாக்கியங்கள். விடைகள் பின்பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டு உச்சரிப்பிலும் ஒலிப்பதிவு இலவசமாகக் கிடைக்கிறது. படம் கிடையாது, வண்ணம் கிடையாது. அது குறை என்று சிலர் சொல்வார்கள். கவனம் சிதறுகிற பிள்ளைக்கு அதுவே நல்லது.

மினிமுஸ்: பிரிட்டனில் விந்தொலாந்தா என்ற ரோமக் கோட்டையில் வாழும் ஓர் எலியும் ஒரு குடும்பமும்; எல்லாம் படக்கதை. கதைக்குத் தேவைப்படும்போது இலக்கணம் வரும், வரிசைப்படி வராது. பாடநூலாக வேண்டாம், வாசிப்புக்கு அருமை. அந்தக் கோட்டையில் 1973 முதல் தோண்டி எடுத்த மரச்சீவல் கடிதங்களில் ஒரு பிறந்தநாள் அழைப்பும் உண்டு என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுத் தொடங்கலாம்.

லிங்குவா லத்தீனா: முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை லத்தீன் மட்டும், அர்த்தம் ஓரப்படத்திலும் சூழலிலும் விளங்கும். நடுவில் இங்கிலீஷ் இல்லை என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய அனுகூலம். ஆனால் வேகம் பத்து, பதினோரு வயதுக்கானது. இப்போது வாங்கி வைக்கலாம், திறக்கவேண்டாம்.

அம்மாவுக்கென்று ஒன்று: 1911-இல் வந்த லத்தீன் ஃபார் பிகினர்ஸ். குட்டன்பெர்க் தளத்தில் இலவசம். எட்டு வயதுக்குக் கொடுத்தால் பிள்ளை ஓடிவிடும். சந்தேகம் வரும்போது வாய்ப்பாடு (ஒரு சொல்லின் எல்லா வடிவங்களும் உள்ள பட்டியல்) பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 11

மேலே சொன்னவற்றில் ஓர்பெர்க்கின் லிங்குவா லத்தீனா தவிர மற்றதெல்லாம் இங்கிலீஷ் பேசும் பிள்ளையை நினைத்து எழுதியவை. அந்தப் பிள்ளை எங்கே இடறுமோ அங்கே பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். நம் பிள்ளை இடறும் இடம் வேறு. புத்தகத் தேர்வில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சுலபமாகக் கடப்பவை முதலில். வினை கடைசியில் வருவது தமிழ்ப் பிள்ளைக்குச் செய்தியே அல்ல. அமோ, அமாஸ், அமத் என்று விகுதியிலேயே ‘நான், நீ, அவன்’ அடங்கிவிடுவது நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான் போலத்தான். வேற்றுமையும் அப்படியே: யார், யாரை, யாருக்கு, யாருடைய என்று கேட்டால் உருபு தானாக வரும். குறில் நெடில் காது ஏற்கெனவே தயார். ரொஸ என்றால் ‘ரோஜா’, ரொஸா என்றால் ‘ரோஜாவால்’ என்பதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்ளும். ‘எனக்கு ஒரு தங்கை உண்டு’ என்பதற்கு மிஹி ஸொரொர் எஸ்த். சொல்லுக்குச் சொல் நம்ம ஊர்ப் பேச்சு. இங்கிலீஷ் புத்தகங்கள் இதை விசித்திரமான அமைப்பு என்று பின்னால் ஒதுக்கி வைக்கும். நாம் முதல் மாதமே சொல்லித்தரலாம்.

இனி இடறும் இடங்கள்.

ஒன்று, ஐ உருபு. ‘அம்மா பிள்ளையைக் கூப்பிட்டாள்’ என்போம், ‘பிள்ளை மாம்பழம் தின்றது’ என்போம். உயிரற்றதற்கு ஐ போடாமலே பேசுகிறோம். அதே பழக்கத்தில் பிள்ளை ‘புவெல்லம்’ என்று பெண்பிள்ளைக்கு ம் சரியாகப் போட்டுவிட்டு, மேசைக்கு ‘மேன்ஸம்’ என்பதற்குப் பதில் ‘மேன்ஸ’ என்று நிறுத்தும். லத்தீனில் இரண்டுக்கும் ம் வேண்டும். இதில் இன்னொரு சிக்கல்: நியூட்டர் என்ற மூன்றாம் பாலில் எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவம். தோனும் (பரிசு) இரண்டிடத்திலும் தோனும்தான். அங்கே பிள்ளை தானாகவே சரியாகச் சொல்லும், அந்தத் தெம்பில் மேசையிலும் தப்பும். மருந்து சாதாரணம். தமிழில் வாக்கியம் சொல்லும்போதே ‘மேசையைப் பார்க்கிறாள்’ என்று ஐ போட்டே சொல்லவேண்டும், பேச்சுக்குச் செயற்கையாக இருந்தாலும்.

இரண்டு, எஸ்த், அதாவது ‘இருக்கிறான், இருக்கிறது’. ‘பிள்ளை சின்னவள்’ என்றால் தமிழில் வாக்கியம் முடிந்தது. பிள்ளையும் எஸ்த்தை விட்டுவிடும். விட்டால் விடைப் பக்கத்தோடு ஒத்துப்போகாது.

மூன்று, பெயரடை. இதுதான் பெரியது. ‘நல்ல’ என்ற சொல் தமிழில் எங்கேயும் மாறாது. லத்தீனில் பொனுஸ், பொன, பொனும் என்று பெயர்ச்சொல்லின் பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப மாறும். மேசை பெண்பால் என்பதே எட்டு வயதுக்கு அபத்தம். போதாக்குறைக்கு நௌத, அதாவது கடலோடி, பெண்பால் போல அகரத்தில் முடிந்தாலும் ஆண்பால். ‘நௌத பொன’ என்பது தப்பு, நௌத பொனுஸ். ஒலி பொருந்தவேண்டும் என்று நினைத்துப் பழகிய பிள்ளை இங்கே கட்டாயம் விழும். பொருந்தவேண்டியது பால், ஒலி அல்ல. இந்தப் பாடம் வந்தால் வேகத்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும், எந்தப் புத்தகமானாலும்.

ஜூன் 12

வேற்றுமை வரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் புத்தகங்களில் யார், யாருடைய, யாருக்கு, யாரை என்று போகும். பிரிட்டன் புத்தகங்களில் யாரை இரண்டாவதாக வரும், நம் இரண்டாம் வேற்றுமை மாதிரி. இரண்டு நாட்டுப் புத்தகத்தையும் கலந்தால் பாராமல் ஒப்பிக்கும் வாய்ப்பாடு குழம்பும். ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு மற்றதை மறந்துவிடவும்.

ஜூன் 17

சாமான்: சார்ட் அட்டை, மூன்று நிற மார்க்கர், ரப்பர் பேண்ட், ஒரு நாலுவரி நோட்டு. சார்ட்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டவும். முன்பக்கம் லத்தீன் சொல், ‘யாருடைய’ வடிவத்தோடு சேர்த்து. சொல் எந்த வாய்ப்பாட்டைச் சேர்ந்தது என்பதை அந்த இரண்டாம் வடிவம்தான் காட்டும். அதை விட்டுவிட்டால் பின்னால் எல்லா அட்டையையும் திரும்ப எழுதவேண்டும். பின்பக்கம் தமிழ் அர்த்தம், இங்கிலீஷ் வேண்டாம். ஓரத்தில் பாலுக்கு ஒரு நிறம்: ஆண் நீலம், பெண் சிவப்பு, நியூட்டர் பச்சை. பெயரடைப் பாடம் வரும்போது இந்த நிறம்தான் காப்பாற்றும்.

ஒரு நாள் பாடம் 20 நிமிடம், வாரம் நாலு நாள். முதல் 4 நிமிடம் பழைய அட்டைகள். தப்பியவை தனிக்கட்டாகி மறுநாள் முதலில் வரும். அடுத்த 5 நிமிடம் புதுச் சொல் இரண்டு, ஒலிப்பதிவு கேட்டு மூன்று தடவை சொல்ல. பிறகு 6 நிமிடம் வாய்வாக்கியம். அம்மா ‘நௌத ஸ்தேல்லம் ஸ்பெக்தத்’ என்று சொல்லிவிட்டுக் கேட்கவேண்டும்: “யாரு மக்ளே பாக்கான்?” நௌத. “எதைப் பாக்கான்?” ஸ்தேல்லம். “அப்போ முழுசா சொல்லு.” கடலோடி விண்மீனைப் பார்க்கிறான். கேள்விக்கு விடை ஒற்றைச் சொல்லாக, சரியான விகுதியோடு வரவேண்டும். ‘ஸ்தேல்ல’ என்று வந்தால் திருத்தாமல் கேள்வியையே ‘எதை’ என்று அழுத்தித் திரும்பக் கேட்டால் போதும். கடைசி 5 நிமிடம் எழுத்து, மூன்றே வரி.

எழுத்து வேலை கூடினால்தான் பிள்ளை லத்தீனை வெறுக்கும். பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பாடத்துக்கு ஆறு பக்கம் இருந்தால் இரண்டை எழுத்தாகவும் மற்றதை வாயாலும் முடிக்கலாம்.

ஜூன் 19

தக்கலைப் பக்கம் போகிறவர்கள் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். 1777-இல் இறந்த திருவிதாங்கூர்ப் படைத் தளபதி டிலனாயின் கல்லறை அங்கே பாழடைந்த சிற்றாலயத்தில் இருக்கிறது. லத்தீனும் தமிழும் பொறித்த கல். வாக்கியம் முழுசாகப் புரியாது, புரியவேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்த சொல்லையும் ரோமன் எண்ணையும் தேடி நோட்டில் எழுதச்சொல்லலாம். வருட நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை.

ஜூன் 24

சாரல் காலத்தில் கரண்ட் போகும், நெட்டும் போகும். ஒலிப்பதிவை முதலிலேயே போனில் இறக்கி, பாட எண்ணோடு பெயரிட்டு வைக்கவும். வீடியோ இணைப்பு உள்ள பாடத்திட்டம் என்றால், அது நெட் இல்லாமல் ஓடுமா என்று கேட்டுவிட்டு வாங்கவும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவு புத்தக விலையையே மிஞ்சக்கூடும். மாணவர் புத்தகமும் விடைப் புத்தகமும் ஒரே பதிப்பா என்பதைப் பார்த்துச் சேர்த்தே வாங்கவும். பழைய பதிப்பின் விடைகள் புதிய பாடத்தோடு பொருந்தாமல் போக வாய்ப்புண்டு.

ஜூலை 1

முடிவு: இந்த வீட்டில் காது கொடுக்க ஒரு தாத்தா இருப்பதால் ப்ரீமா லத்தீனா, திருச்சபை உச்சரிப்பு. இங்கிலீஷ் இலக்கண விளக்கங்களைத் தாண்டிவிட்டு, அந்த நேரத்தை வாய்வாக்கியத்துக்குக் கொடுக்கவேண்டும். மீள்பார்வையோடு சேர்த்து வாரம் ஒரு பாடம் என்றால் 30 வாரம். அதன்பின் கெட்டிங் ஸ்டார்ட்டட். வாரம் நாலு பாடமாக 34 வாரம். முதல் பகுதி தெரிந்ததாக இருப்பதால் வேகமாகப் போகும், மிச்சமாகும் நாட்களைப் பெயரடைக்கு வைத்துக்கொள்ளலாம். திருச்சபைத் தொடர்பு இல்லாத, ஒன்பது வயதான பிள்ளை என்றால் நேராக இரண்டாவது புத்தகம்.

பத்தாம் பாடத்தில் நிறுத்தி ஒரு சோதனை. முப்பது அட்டையைக் கலைத்துக் கொடுத்தால் குறைந்தது இருபத்தைந்து தெரியவேண்டும். இருபதுக்குக் கீழே போனால் புதுப் பாடம் இரண்டு வாரம் கிடையாது, பழைய அட்டையும் வாய்வாக்கியமும் மட்டும். அப்படியும் ஏறவில்லை என்றால் புத்தகத்தை மாற்றுவதற்கு முன் பாட நேரத்தை மாற்றிப் பாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்தப் பாடத்திட்டமும் ஓடாது.