எல்லைக்குள் இருந்தும் சிவப்புப் புள்ளி: மாத்திரை லைனில் கன்ட்ரோல் சார்ட்

மாத்திரை அழுத்தும் பிரிவில் கன்ட்ரோல் சார்ட் (ஓட்டத்தின்போதே அளவுகளைப் புள்ளியாக வைத்து, வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கான மேல், கீழ் எல்லைக் கோடுகளை அவை தாண்டுகின்றனவா என்று பார்க்கும் வரைபடம்) வைக்கலாம் என்று நான் பேச்செடுத்ததும் க்யூ.ஏ. (தர உறுதிப் பிரிவு) தரப்பிலிருந்து வந்த கேள்வி இதுதான்: "ஒவ்வொரு பேட்ச்சையும் டெஸ்ட் பண்ணித்தானே அனுப்புறோம், அப்புறம் எதுக்கு இது?" நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பேட்ச்சில் நூற்றுக்கு ஒரு மாத்திரை பழுது என்று வைத்துக்கொள்வோம். அங்கங்கே கைபோட்டு 10 மாத்திரை எடுத்தால், பழுதானது ஒன்றுகூடச் சிக்காமல் போக 90 சதவீத வாய்ப்பு. 30 எடுத்தாலும் 74 சதவீதம். பேட்ச்சோ லட்சக்கணக்கில். ஆய்வகத்தில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கணக்கை மறுக்க முடியவில்லை. ஆனாலும் டெஸ்ட்டைக் குறைக்கத்தான் வழி பார்க்கிறேனோ என்ற சந்தேகம் அவர்களுக்குப் போகவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதிகளில் 211.165-வது பிரிவு, ஒவ்வொரு பேட்ச்சையும் வெளியே விடுமுன் சோதிக்கச் சொல்கிறது. அதில் கைவைக்க மாட்டோம் என்று எழுதியே கொடுத்தேன். கூடவே 211.110-ஐயும் எடுத்து வைத்தேன். (இதைக் கடைசிவரை படிப்பவர்கள் குறைவு என்பது என் அபிப்பிராயம்.) உற்பத்தியின் இடையில் பார்க்கும் அளவுகளுக்கான வரம்பை, முடிந்தவரை முந்தைய நல்ல உற்பத்தியின் சராசரி, மாறுபாடு இரண்டையும் வைத்து எடுக்க வேண்டும், தேவைப்படும் இடத்தில் புள்ளியியல் முறையில் எடுக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அதைப் பார்த்தபிறகு பேச்சின் தொனி மாறியது.

அடுத்து சார்ட். பெல் தொலைபேசி அமைப்பில் இருந்த வால்டர் ஷூஹார்ட் இதை வரைந்தது 1924-ல். நூறு வருஷம் தாண்டிவிட்டது, எங்கள் லைனுக்கு மட்டும் புதுசு. மாத்திரையின் எடை இலக்கு 300 மி.கி. குறிப்பிட்ட இடைவெளியில் ஐந்து மாத்திரை எடுத்து, சராசரியையும் ரேஞ்சையும் (ஐந்தில் அதிக எடைக்கும் குறைந்த எடைக்கும் உள்ள வித்தியாசம்) புள்ளி வைப்பது திட்டம். முதலில் வந்த சார்ட் சந்தேகப்படும் அளவுக்கு அழகாக இருந்தது. புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டிக்கொண்டே போயின. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கு உறுத்தியது. உண்மையான செயல்முறை எல்லைகளுக்கிடையே கொஞ்சம் அலைபாயத்தான் செய்யும்.

காரணம் மெஷினிலேயே இருந்தது. அது இரட்டைப் பக்க மெஷின். இடது, வலது என்று மாத்திரை இரண்டு வாயில் வழியாக விழும். ஆபரேட்டர்கள் இரண்டு பக்கமும் கலந்து ஐந்தை எடுத்து வந்தார்கள், வழக்கமே அதுதான். இரு பக்கத்து எடைக்கும் இடையில் இருந்த நிரந்தர வித்தியாசம் ரேஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ரேஞ்சை வைத்துப் போடும் எல்லைகளை அகலமாக்கிவிட்டது. பக்கத்துக்கு ஒரு சார்ட் என்று பிரித்ததும் ரேஞ்ச் சராசரி 9-லிருந்து 6 மி.கி.க்கு இறங்கியது. எல்லை போட ஐந்து மாத்திரைக்கான காரணி 0.577, 6-ஐ அதால் பெருக்கினால் மூன்றரை. ஆக இலக்கில் ஓடும் பக்கத்துக்கு எல்லை 296.5 முதல் 303.5 வரை. பிரித்தபிறகுதான் இடது பக்கம் பேட்ச் முடியும் நேரத்தில், ஹாப்பரில் (துகளைக் கொட்டி வைக்கும் தொட்டி) துகள் குறையக் குறைய, எடை சரிவது தெரிந்தது. அத்தனை பேட்ச்சும் பாஸானவை.

பெரிய சண்டை இதற்குப் பிறகுதான். சராசரி 296-ல் ஒரு புள்ளி விழுகிறது. சார்ட்டில் சிவப்பு. மருந்துகளின் தர வரம்புகளைச் சொல்லும் மருந்தியல் நூலில் (பார்மகோபியா) உள்ள வரம்பு 20 மாத்திரையில் இரண்டுக்கு மேல் 5 சதவீதம் விலகக் கூடாது, எதுவும் 10 சதவீதம் விலகக் கூடாது என்பது. 5 சதவீதம் என்றால் 285 முதல் 315 வரை. அந்தக் கணக்கில் அந்த 296-க்கு ஒரு குறையும் இல்லை. இதற்கு டீவியேஷன் (முறையிலிருந்து விலகல் என்று பதிவு செய்து விசாரிக்கும் அறிக்கை) போட வேண்டுமா? வேண்டும் என்றது க்யூ.ஏ.: ஆய்வாளர் சிவப்பைப் பார்த்து "என்ன செய்தீர்கள்" என்று கேட்டால்? வேண்டாம் என்றது உற்பத்திப் பிரிவு: புள்ளிக்கு ஒரு டீவியேஷன் என்றால் ஆபரேட்டர் புள்ளி வைப்பதற்கே பயப்படுவார், அப்புறம் எல்லாப் புள்ளியும் உள்ளேயே விழும். இரண்டாவது பயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

கடைசியில் நடைமுறை ஆவணத்திலேயே படிகளை எழுதினோம். எல்லை தாண்டினால் உடனே அதே பக்கத்தில் மறுபடி ஐந்து எடுத்து, ஹாப்பர், துகளை உள்ளே தள்ளும் ஃபீடர், மாத்திரையை அழுத்தும் பஞ்ச் மூன்றையும் பார்த்து, காரணத்தைப் பேட்ச் ரெக்கார்டில் அதற்கான கட்டத்தில் எழுத வேண்டும், அதோடு சரி. இரண்டாவது ஐந்தும் வெளியே போனால் மெஷினை நிறுத்தி, கடைசி நல்ல புள்ளிக்குப் பிறகு வந்த மாத்திரைகளைத் தனியாக ஒதுக்க வேண்டும். மாத்திரைக்கான தர வரம்பை, அதாவது ஸ்பெசிஃபிகேஷனைத் தாண்டினாலோ, அதே காரணம் பேட்ச் பேட்ச்சாகத் திரும்பி வந்தாலோதான் டீவியேஷன். சார்ட்டில் அலாரம் எழுப்பும் விதிகளையும் இரண்டோடு நிறுத்தினோம்: ஒரு புள்ளி எல்லைக்கு வெளியே, அல்லது தொடர்ந்து எட்டுப் புள்ளி நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் வகுத்த அலாரம் விதிகள் நான்கையும் போட்டால் ஒன்றுமே மாறாதபோதும் சராசரியாக 92 புள்ளிக்கு ஒரு பொய் அலாரம் வரும். முதல் விதி மட்டும் என்றால் 370-க்கு ஒன்று.

எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் எடை 2 மி.கி. குறைந்தால் ஆபரேட்டர் 2 மி.கி. ஏற்றுவார், கூடினால் இறக்குவார். ஒவ்வொரு விலகலுக்கும் இப்படி ஈடுகட்டினால் மாறுபாடு, அதாவது வேரியன்ஸ், இரட்டிப்பாகும் என்பதைத்தான் தரக்கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங், புனல் வழியாகக் கோலி போட்டுக் காட்டும் புனல் சோதனையில் காட்டுவார். சார்ட் வந்தபின் எல்லைக்குள் இருக்கும்வரை திருகைத் தொடுவதில்லை. மூத்த ஆபரேட்டர் ஒருவர், "கையைக் கட்டிப் போட்டுட்டீங்க சார்" என்று குறைபட்டார். ரேஞ்ச் சார்ட்டைப் பார்த்தபிறகு அடுத்த ஷிஃப்ட்டுக்கு அவரே பாடம் எடுத்தார்.

பேட்ச் டெஸ்ட் அப்படியே தொடர்கிறது. மருந்தளவுச் சோதனையில் பேட்ச்சுக்கு ஒரே எண்தான் கிடைக்கும், ஐந்து ஐந்தாகப் பிரிக்க வழியில்லை. அதைத் தனி மதிப்புச் சார்ட்டில் போடுகிறோம்: அடுத்தடுத்த பேட்ச்களின் வித்தியாசச் சராசரியை 2.66-ஆல் பெருக்கி எல்லை. இப்போது அதை ஆய்வகமே வைத்துக்கொள்கிறது.